பிழையும் துன்பமும்



ஒருவனுக்குத் துன்பம் நேர்ந்தவிடத்து உலகத்தார் முதற்கண் வினவுவது, "அவன் என்ன தவறு செய்தான்?" என்பதே. தவறு ஒன்று அகப்பட்டுவிடின் அவர்தம் நெஞ்சம் அமைதியுறும். இரக்கத்திற்கு ஆங்கு வேலையில்லாமற் போம். இவ்வழக்கம் நேரிதாமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். இதற்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னர்க் கிரேக்க நாட்டில் எழுந்த நாடக ஆராய்ச்சி ஒன்று துணைபுரியும்.

துன்பியல் நாடகம் கண்டு மக்கள் ஏன் கண்ணீர் சொரிகின்றனர்? அக்கண்ணீரால் நன்மையுண்டோ? பிளேட்டோ, அத்தகைய கவிகள் உள்ளத்தின் கலக்கத்தையே வளர்க்கின்றனர் எனக் கருதி, தாம் வகுத்த நல்லரசில் அவர்கட்கு இடம் மறுத்தார். அவருடைய மாணாக்கராகிய அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் கவிதையியல் நூலில் வேறு கூறினார். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வழியாகவே அவ்வுணர்ச்சிகட்குத் தூய்மை தருவது துன்பியல் நாடகம் என்பது அவர் துணிபு.

சிறந்த நாடகத்திற்கு ஆகாத கதைகள் மூன்று என்றார் அவர். முழுதும் நல்லவன் ஒருவன் காரணமின்றிக் கெடுவது முதலாவது. அது இரக்கத்தையன்று, வெறுப்பையே விளைக்கும். தீயவன் செல்வனாவது இரண்டாவது. பெருந்தீயவன் வீழ்வது மூன்றாவது. அது கண்டு மனம் ஒருவாறு நிறைவுறுமேயன்றி இரங்காது. எஞ்சியவன் யாவன்? நம்மைப் போன்றவனாய், அறத்தில் தலைசிறந்தவனும் அல்லனாய், கொடியவனும் அல்லனாய், ஒரு பிழையால் வீழ்பவனே. அப்பிழைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் ஹமார்ட்டியா. குறி தவறுதல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். தகாத துன்பம் கண்டு இரக்கம் பிறக்கும். நம்மையொத்தவன் துன்பம் கண்டு அச்சம் பிறக்கும் என்பது அவர் விளக்கம்.

அவர் பெரிதும் பாராட்டிய நாடகம் சோபோகிளிஸ் இயற்றிய இடிபஸ் மன்னன் என்பது. தீப்ஸ் நகரில் கொள்ளைநோய் பரவுகின்றது. முன்னிருந்த அரசனைக் கொன்றவனைத் தேடிப் பிடித்தால் நோய் நீங்கும் என்று கேட்ட இடிபஸ், அவனைக் கண்டுபிடித்தே தீர்வேன் எனச் சூளுரைக்கின்றான். தேடத் தேட, கொன்றவன் தானே என்பதும், கொல்லப்பட்டவன் தன் தந்தை என்பதும், தான் மணந்தவள் தன் தாய் என்பதும் வெளியாகின்றன. அச்சம் தீர்க்க வந்த தூதன் சொல்லே அச்சத்தை மெய்யாக்குகின்றது. ஒன்றன்பின் ஒன்றாக வருவது வேறு, ஒன்றினால் ஒன்று விளைவது வேறு என்று அரிஸ்டாட்டில் வற்புறுத்துவதற்கு இந்நாடகம் தக்க சான்று. ஆண்டு இடிபஸ் பிழை செய்தான், வழியில் எழுந்த பூசலில் சினங்கொண்டு கொன்றான், அறியாது மணந்தான். ஆயினும் அவன் அடைந்த துன்பம் அப்பிழையின் அளவினதோ? அன்று. பிழை உண்டு, துன்பம் அதனினும் பெரிது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வெளியிலேதான் இரக்கம் குடியிருக்கின்றது.

யான் இளமையில் நூலாலை ஒன்றில் வேலை பார்த்தேன். ஓரிரவு உடன் வேலை செய்தவர் ஒருவர் ஓடுகின்ற யந்திரத்தில் சிக்கிய பஞ்சை எடுக்கக் கை நீட்டினார். மூன்று விரல்கள் போயின. "ஓடும்போது கை வைத்தது அவன் குற்றம்" என்றார் மேஸ்திரி. யானும் தலையசைத்தேன். மேஸ்திரி சொன்னது பொய்யன்று. ஆனால் யந்திரத்தை நிறுத்தினால் கூலி குறையும் என்பதையும், அது அவருக்கு இரண்டாம் ஷிப்டு என்பதையும் நாங்கள் இருவரும் அறிவோம். ஒரு காரணத்தைச் சொல்லி மற்றக் காரணங்களை மறைத்தோம். பல்லாண்டு கழித்து அரிஸ்டாட்டிலின் கொள்கையைப் படித்த அன்றுதான், அத்தலையசைப்பு என் பிழை என்று உணர்ந்தேன்.

எனினும் அவ்வறிஞரிடத்தும் ஒரு குறையுண்டு. நாடகத் தலைவன் பெரும்புகழும் செல்வமும் உடையவனாதல் வேண்டும் என்றார். அடிமையிடத்தும் நற்குணம் இருக்கலாம் என்று ஒப்பியவர், அடிமை முற்றும் கீழானவன் என்றும் அதே மூச்சில் உரைத்தார். நம்மையொத்தவன் துன்பமே அச்சம் தரும் என்றவர், யாவரும் நம்மையொத்தவரே என்னும் இடத்திற்கு வந்திலர்.

ஆனால் நாடகம் அவருக்கு முன்னரே அங்குச் சென்றிருந்தது. கி.மு. 416-இல் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவை முற்றுகையிட்டது; தீவு பணிந்தபின் ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கிற்று. சில திங்கள் கழித்து, கி.மு. 415-இல், யூரிப்பிடீஸ் டிராய் நகரத்துப் பெண்டிர் என்னும் நாடகத்தை ஏதென்ஸ் மக்கள் முன்னிலையிலேயே அரங்கேற்றினார். அதில் வென்றவர் புகழ் இல்லை. அடிமைகளாய்ப் பங்கிடப்படும் பெண்களின் அழுகையே நாடகம். அவர்கள் செய்த பிழை யாது? தோற்ற நகரில் பிறந்திருந்ததே. இக்கவிஞரையே கவிகளுள் துன்பியல் மிக்கவர் என்று பின்னாளில் அரிஸ்டாட்டிலும் ஒப்பினார்.

ஆகலின், அன்பர்காள், பிறர் துன்பம் கண்டவிடத்துப் பிழையைத் தேடுதல் தவறன்று. காரணம் அறியாமல் துன்பம் களைய இயலாது. ஆனால் ஒரு பிழை கிடைத்ததும் தேடலை நிறுத்துவது தவறு. "அவன் தலையெழுத்து" என்பாரும், "அவன் குற்றம்" என்பாரும் ஒரே கதவைத்தான் சாத்துகின்றனர். பிழையை அளந்தபின் துன்பத்தையும் அளந்து பாருங்கள். மிச்சம் நிற்பது எவ்வளவோ, அவ்வளவும் நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.