யார் செய்த பாவம்?

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. அதுவரை எல்லாரையும் போலப் படித்து, விளையாடி வளர்ந்த பிள்ளை, யாரோ தன்னைப் பற்றிக் காதில் பேசுவதாகச் சொல்கிறது. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன: எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? யார் செய்த பாவம் இது? குலதெய்வக் குற்றம், செய்வினை, முன்வினை என்று எந்தப் பெயரில் விடை வந்தாலும், பழி பெரும்பாலும் பெற்றவள் தலையில்தான் வந்து இறங்குகிறது.

வினைக் கொள்கை இந்தப் பழிக்கு இடம் தருவதில்லை. சைவ சித்தாந்தம் கூறும் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் ஆகிய மூன்றும் அந்தந்த உயிருக்கே உரியவை. தாயின் கணக்கைப் பிள்ளை தீர்ப்பது என்பது ஊர்ப்பேச்சே. அப்படியானால் இது பிள்ளையின் சொந்த முன்வினையா? கொள்கைக்குள் நின்று இதை மறுக்க முடியாது. ஆனால் ஒருவர் படும் துன்பத்தைப் பார்த்து, அவர் செய்தது இன்னது என்று பின்னோக்கிப் படிக்கும் கண் மனிதர் யாருக்கும் இல்லை. அந்தக் கண் தனக்கு இருப்பதாக எண்ணி உறவினர் பேசும்போதுதான் தத்துவம் கொடுமையாகிறது.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, பாவம் அவனுடையதும் அல்ல, அவன் பெற்றோருடையதும் அல்ல என்று இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது இஸ்லாமின் நிலை. சித்தம் கலங்கியவர்மேல் அது தெளியும்வரை கடமையும் இல்லை, குற்றமும் இல்லை என்பதும் இஸ்லாமின் நிலையே.

மருத்துவமும் தாயைப் பழித்ததுண்டு. பிள்ளையை ஒதுக்கும் தாயே இந்நோய்க்குக் காரணம் என்ற கருத்தை 1948இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் முன்வைத்தார். பல ஆண்டுகள் செல்வாக்கோடு இருந்த அந்தக் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் கைவிட்டன. அதற்குள் எத்தனையோ தாய்மார் தங்கள் தாலாட்டில் என்ன பிழை என்று தேடியிருப்பார்கள்.

பழி சொல்லாத இடத்தை நாடியே பலர் கோயிலுக்குப் போகிறார்கள். திருச்சி அருகே குணசீலத்தில் நோயாளிகள் 48 நாள் தங்குவது மரபு. முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். அங்கே ஒரு தாய்க்குப் பக்கத்தில் அதே துயரோடு இன்னொரு தாய் இருக்கிறாள். தமிழ்நாட்டின் வேறொரு கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த கட்டுரை, நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கூறியது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மருந்துக்கு அது மாற்றாகாது. ஆனாலும் அந்த ஆதரவைச் சிறிதென்று ஒதுக்க முடியாது.

வழிபாட்டிடத்தை நாடிப் போவதன் இருண்ட பக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா அருகே இருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரையும் இரக்கமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இரவெல்லாம் விழித்துக் காத்துக் களைத்தவர்கள் அவர்களிலும் இருந்திருப்பார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

இறந்த பிள்ளைக்காக அழ நாளும் சடங்கும் உண்டு. கண்ணெதிரே இருந்தும் பழைய முகத்தோடு இல்லாத பிள்ளைக்காக எந்த நாளில் அழுவது? அந்த அழுகையைக் கேட்கக்கூட வீட்டில் ஆள் இருப்பதில்லை.

வயது ஏற ஏற, 'ஏன்' என்ற கேள்வி தேய்ந்து, 'எனக்குப் பிறகு யார்' என்பது மட்டும் நிற்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்தது. மனநோய் அந்தப் பட்டியலில் இல்லை. 2017ஆம் ஆண்டின் சட்டப்படி நோயாளி தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். ஆனால் வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கூடப் பிறந்தவர்களிடம் அதைக் கேட்டுவிடப் பெற்றோருக்கு வாய் வருவதில்லை.