வென்றவரின் மௌனம்

குருக்ஷேத்திரப் போர் முடிந்தபின் கங்கைக் கரையில் துயருற்று அமர்ந்திருக்கும் யுதிஷ்டிரரைச் சாந்தி பர்வம் நமக்குக் காட்டுகிறது. வென்றவர் அவர், அழுபவரும் அவரே. க்ஷத்திரியனின் கடமையைத்தானே செய்தாய் என்று தம்பியரும் வியாசரும் ஸ்ரீகிருஷ்ணரும் எடுத்துரைக்கிறார்கள். துயரம் எளிதில் அடங்கவில்லை. கடமை என்று தெளிந்து செய்த செயல் மனத்தில் ஏன் பாரமாகத் தங்க வேண்டும்?

இந்த வினா எனக்கு நூல் வழியாக வந்ததன்று. என் பூர்வாசிரமத் தந்தை மதராஸ் ரெஜிமென்ட் சிப்பாயாக 1971 போரில் ஷகர்கட் முனையில் இருந்தவர். ஓய்வுக்குப் பின் டோம்பிவிலியில் குடியேறி, அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் காவல் பணி செய்தார். குடியிருப்புச் சிறுவர்களான நாங்கள், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று அவரைத் துளைத்தெடுப்போம். டிசம்பர் குளிர், ஈரம் காயாத பூட்ஸ், கண்ணிவெடி புதைத்த வயல்களை இருளில் கடந்தது, நள்ளிரவில் வந்த ஆறிப்போன ரொட்டி இவற்றையெல்லாம் சொல்வார். (பள்ளியில் பேச அழைத்தபோதும் கால்களை உலர்வாக வைத்துக்கொள்வது பற்றியே பேசினார்!) மேலும் கேட்டால், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டுவிடுவார். ஒருமுறை மட்டும், "அதைக் கேட்க வேண்டியவன் நீ இல்லையப்பா" என்றார்.

இதை அடக்கம் என்பார்கள் சிலர். குற்றவுணர்வு என்பார்கள் வேறு சிலர். இரண்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பலனைத் துறக்கச் சொன்ன கீதை, எதிரே நின்று வீழ்ந்தவனை மறக்கச் சொல்லவில்லை. கடமை ஒருவனைக் கல்லாக்கிவிடுமானால் அது தமஸேயன்றி யோகம் அன்று. ஓர் உயிரின் முடிவைப் பற்றிய செய்தி, அவ்வுயிரை இழந்தவர்களுக்கு உரியது. வேடிக்கை கேட்பவர்களுக்கு அன்று.

அதே முனையில், பசந்தர் ஆற்றருகே, 1971 டிசம்பர் 16 அன்று தமது டாங்கில் வீரமரணம் எய்தியவர் 21 வயது அருண் கேத்தர்பால். பரம்வீர் சக்கரம் பெற்றவர். அவருடைய தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பாலும் ராணுவத்தவரே. 2001-இல், தமது 81-ஆம் வயதில், பிறந்த ஊரான சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரை உபசரித்தவர் பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். விருந்தினர் புறப்படுவதற்கு முந்தைய இரவு, அருண் தம் கையால்தான் மாண்டார் என்பதை நாசர் தெரிவித்தார். அந்த இளைஞரின் தீரத்தையும் போற்றினார். முப்பது ஆண்டுகள் காத்திருந்த சொல், கேட்க உரியவரிடம் சென்று சேர்ந்தது.

என் தந்தைக்கோ, அவ்வாறு சொல்லப்பட வேண்டியவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்பதே கடைசிவரை தெரியாது.