சொல் விளையாட்டும் சொல்லின் அறமும்

சொல்லோடு விளையாடுதல் தமிழருக்குப் புதியதன்று. ஒரு தொடரை இரு பொருள்பட அமைப்பதை இரட்டுற மொழிதல் என்றும் சிலேடை என்றும் பெயரிட்டு நம் முன்னோர் வளர்த்தனர். அக்கலையில் கொடிகட்டிப் பறந்தவர் காளமேகம். அவருடைய சிலேடையைச் சுவைத்த தமிழுலகம், அவருடைய வசைக்கு அஞ்சவும் செய்தது. ஒரே நாவில் தேனும் நஞ்சும் ஊறக்கூடும் என்பதற்கு அவரே சான்று. அங்ஙனமாயின், நாவடக்கத்தை வலியுறுத்தும் கிறிஸ்தவ வாழ்வில் சொல் விளையாட்டுக்கு இடமுண்டா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது என் குற்றமே.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த புதிதில், கிள்ளானை அடுத்த ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினேன். கணக்குத் தேர்வில் ஒரு மாணவன் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தான். விடைத்தாளை நீட்டியவாறே, "மதிப்பெண் இல்லாதவனுக்கு மதிப்பு ஏதடா?" என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. என் சொல்நயத்தை எண்ணி நானும் மகிழ்ந்தேன். அவன் மட்டும் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதன்பின் அவன் வகுப்பில் வாய் திறக்கவேயில்லை.

சில வாரங்கள் சென்றன. பிரிக்பீல்ட்ஸில் 1924ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட சீயோன் லுத்தரன் ஆலயத்தில், ஒரு ஞாயிறன்று, பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்தை விளக்கக் கேட்டேன். இருபத்தைந்தே வசனங்கள் கொண்ட சிறு மடல் அது. பிலேமோனைப் பிரிந்து சென்ற அடிமை ஒநேசிமு. அவனைத் திரும்ப ஏற்றுக்கொள்ளுமாறு சிறையிலிருந்து பரிந்துரைக்கிறார் பவுல். ஒநேசிமு என்னும் கிரேக்கப் பெயருக்குப் 'பயனுள்ளவன்' என்பது பொருள். முன்பு பயனற்றிருந்தவன் இப்போது உமக்கும் எனக்கும் பயனுள்ளவனானான் என்ற கருத்தில் பவுல் அப்பெயரோடு விளையாடுகிறார். தமிழில் பெயர் பெயராகவே நிற்பதால் இந்நயம் நம் செவிக்கு எட்டுவதில்லை. அன்று அது எனக்கு எட்டியபோது உள்ளம் குன்றினேன். பவுலும் ஒரு சொல்லோடு விளையாடினார், நானும் விளையாடினேன். அவருடைய விளையாட்டு ஓர் அடிமையைச் சகோதரனாக உயர்த்தியது. என்னுடையது ஒரு சிறுவனை ஊமையாக்கியது.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் பரியாசத்தைத் தகாத பேச்சுகளோடு சேர்த்து விலக்குகிறதே? அங்கு வரும் கிரேக்கச் சொல் 'யூத்ரபேலியா'. அதே சொல்லை அரிஸ்டாட்டில் நற்பண்பாகப் போற்றினார். கோமாளித்தனத்துக்கும் சிரிக்கவே அறியாத முரட்டுத்தனத்துக்கும் இடைப்பட்ட நகைத்திறம் அது என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் தூய தாமஸ் அக்குவினாஸும் அதனை நற்பண்பாகவே ஏற்றார். ஒரே சொல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் குணமாகவும் நிற்பது முரண்பாடுபோல் தோன்றும். முந்திய அதிகாரத்திலேயே விடை இருக்கிறது: கேட்பவரைக் கட்டியெழுப்பும் சொல்லே வாயிலிருந்து புறப்பட வேண்டும் என்பதே அங்கு வைக்கப்படும் அளவுகோல். பரமார்த்த குருவின் கதையைத் தமிழுக்குத் தந்த வீரமாமுனிவரும் (1680–1747) நம்மைச் சிரிக்க வைத்தவரே. அங்கே நம் நகைப்புக்கு இலக்காவது மூடத்தனம். நம்மெதிரே நிற்கும் எளியவன் ஒருவன் அல்லன்.

அப்படியானால் உயர்த்தும் சொல் என்பது முகத்துதியா? அன்று. ஒநேசிமுவின் பழைய குறையைப் பவுல் மறைக்கவில்லை. முன்பு பயனற்றவன் என்றே எழுதினார். அதனோடு, அவன் பட்ட கடன் ஏதேனும் உண்டாயின் அதைத் தாமே செலுத்துவதாகத் தம் கைப்பட உறுதியளித்தார். முகத்துதி செய்பவன் சொல்லோடு நின்றுவிடுவான். உயர்த்த விழைபவனோ சொல்லுக்குரிய விலையையும் தானே ஏற்பான். இவ்வேறுபாட்டை உணராதவரை இன்சொல்லும் வெறும் ஒப்பனையே.

மறுநாள் வகுப்பில் அவன் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். கரும்பலகையில் 'மதிப்பெண்' என்று எழுதி, "இச்சொல்லில் மதிப்பு முன்னே நிற்கிறது, எண் பின்னேதான் வருகிறது. இதனைத் தலைகீழாகப் படித்தவன் நான்" என்றேன். பள்ளி முடிந்தபின் நாள்தோறும் அவனுக்குக் கணக்குச் சொல்லித்தர முற்பட்டேன். அவன் மேதையாகிவிடவில்லை. பல நாள் கழித்து, "ஐயா, ஏழாம் வாய்பாட்டில் ஒரு சந்தேகம்" என்றான். அக்குரலைக் கேட்க நான் காத்திருந்த காலத்தை எண்ணினால், அன்றைய சிலேடைக்கு நான் பெற்ற கைதட்டல் மிக அற்பம்.

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இனிமையும் பயனும் ஒருங்கே அமைந்த சொல்லையே நாம் தேட வேண்டும். சொல்லோடு விளையாடுவோம், தடையில்லை. ஆனால் சிரிப்பொலி அடங்கியபின், யாரைக் குறித்துப் பேசினோமோ அவர் முன்னினும் நிமிர்ந்து நிற்கிறாரா என்று ஒருமுறை நோக்குவோம். தலை குனிந்திருக்கக் கண்டால், அவரை நிமிர்த்தும் கடமை நம்முடையதே.