ஒன்றேகால் யூனிட்

ஸ்ரீரங்கத்தின் வடபுறத்தில், கொள்ளிடக்கரையை நோக்கிச் செல்லும் வழியில், சில அன்பர்கள் சேர்ந்து பராமரித்து வரும் சிறிய நந்தவனம் ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் துளசியும் நந்தியாவட்டையும் பறிக்க வருபவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவது வழக்கமாகையாலும், மழைநாட்களில் அவர்கள் கணுக்கால் வரை சேற்றில் புதைந்து பூக்குடலையோடு தள்ளாடுவதைப் பார்க்கச் சகிக்காமையாலும், தோட்டத்தின் நடுவே ஒரு நடைபாதை போட்டுவிடுவதென்று தீர்மானமாயிற்று. கருங்கல் ஜல்லி வெறுங்காலைக் குத்தும். சிமெண்டுத் தளம் சித்திரை வெயிலில் கொதிக்கும். ஆகவே கிராவல் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு, மேலே மணல் தூவிவிடலாம் என்று முடிவு செய்தோம். கிராவல் எவ்வளவு தேவை என்று கணக்கிடும் பொறுப்பு, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதியினால் என் தலையில் விழுந்தது.

கணக்கு என்னவோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடியதுதான். பாதையின் நீளம் 60 அடி, அகலம் 5 அடி, கனம் 4 அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 100 கன அடி, அதாவது லாரிக்காரர் பாஷையில் சரியாக 1 யூனிட். பின்னமில்லாமல் விடை வந்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மேஸ்திரி பொருட்படுத்தவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதை வரவேண்டிய இடம் முழுவதும் மெதுவாக நடந்தார். இரண்டு மூன்று இடங்களில் குதிகாலை ஊன்றி அழுத்தினார். குழாயடியில் கடப்பாரையைக் குத்திப் பார்த்தார். அது ஒரு சாண் ஆழம் தானாகவே இறங்கிற்று.

"ஒண்ணேகால் யூனிட்டாச் சொல்லிடுங்க சாமி. தரை கொஞ்சம் குடிக்கும். திமிசு போட்டா இன்னும் உள்ளே போவும்."

எஸ்டிமேட் என்ற சொல் காதில் விழுந்தவுடனே மடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் நம்மில் பலருக்கும் உண்டு; எனக்கும் அந்தக் கால் யூனிட்டின் மேல் முதலில் சந்தேகமே வந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் வேறொரு கேள்வி கூடவே வந்தது. தர்க்க சாஸ்திரத்தார் அனுமானத்துக்கு உதாரணமாக, மலையிலே புகையைக் கண்டு அங்கே தீ இருப்பதை அறிவதைச் சொல்வார்கள். தீ உண்டு என்பதை ஐயமில்லாமல் நாட்டிவிடும் அந்த அனுமானம், தீ எத்தனை கட்டு விறகு கேட்கும் என்பதைச் சொல்வதில்லை. ஈசுவரன் உண்டா என்ற விவாதம் எத்தனை வீறுடன் நடந்தாலும், உண்டென்று ஏற்றுக்கொண்ட சாமானியனை மறுநாள் காலையில் எதிர்கொள்வது இந்த 'எவ்வளவு' என்னும் கேள்விதான். எவ்வளவு ஜபம், எவ்வளவு தானம், எவ்வளவு நன்னடத்தை கொண்டுபோய்க் கொட்டினால் அந்தப் பாதை நிரம்பும்?

இந்தக் கேள்வியை நம் ஊரைப் போல உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிய ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. தாய்க் குரங்கின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் குட்டியைப் போல ஜீவன் தன்னாலான பிரயத்தனத்தைச் செய்யவேண்டும், கிருபைக்கு ஒரு வியாஜமாவது வேண்டும் என்பது வேதாந்த தேசிகரின் வழி. தாய்ப்பூனை தானே வந்து வாயில் கவ்விச் செல்லும் குட்டிக்கு முயற்சி ஏது, கிருபை நிர்ஹேதுகம் என்பது பிள்ளை லோகாசாரியரின் வழி. இரண்டு ஆசாரியர்களும் இந்த அரங்கன் சன்னிதியிலே வாழ்ந்து சிந்தித்தவர்கள். இவ்வளவு நுட்பமான விசாரத்தை நாமத்தின் வடிவத்தைப் பற்றிய சண்டையாக்கிக் கோர்ட்டுப் படி ஏற்றியது பிற்காலத்தாரின் சாமர்த்தியம். சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இருவரும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களைப் பற்றிப் பேசியவர்களாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒருவர், கிராவல் இல்லாமல் பாதை இல்லை என்கிறார். மற்றவர், நீ கொட்டும் கிராவலைத் தாங்கும் தரை உன்னுடையதன்று என்கிறார்.

தரையின் சமாசாரம் என்றவுடன் கல்லணை நினைவுக்கு வருகிறது. ஸ்ரீரங்கத் தீவு கிழக்கே முடியும் இடத்தில், காவிரியின் மணற்படுகையில் கரிகாலன் எழுப்பியதென்று வழங்கும் அந்த அணை, 1,000 அடிக்கு மேற்பட்ட நீளம் உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், ஆழம் காணமுடியாத நெகிழ்ந்த மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அதைக் கட்டியவர்களிடமிருந்தே தாம் கற்றதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வித்தை என்ன? பெரும் பாறைகளை ஆற்றில் இறக்கினார்கள். அவை மணலுக்குள் அமிழ்ந்தன. அமிழ்ந்தவற்றின் மேல் மறுபடியும் பாறைகளை இறக்கினார்கள். இதற்குமேல் அமிழாது என்று ஆறே சொல்லும்வரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அடித்தளம் தெரிந்த இடத்தில் நீளம், அகலம், கனம் என்று பெருக்கிப் பார்க்கலாம். அடித்தளமே தெரியாத இடத்தில், போட்ட கல் நிற்பதுதான் அளவு. முன்கூட்டியே விடை கேட்பவனுக்கு அங்கே அணை கிடையாது.

கற்ற வித்தையைக் கொண்டு காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை அமைத்தார். பிற்காலத்தில் மதகுகளோடு திருத்திக் கட்டப்பட்டிருந்த அந்த அணையின் ஒரு பகுதி, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்தது. உடனே அங்கே கொண்டு போய்க் கொட்டியவையும் பாறைகளும் மணல் மூட்டைகளுமே. ஆறு தன் கணக்கை ஒரு தடவையோடு முடித்துக்கொள்வதில்லை.

மணல் என்று வந்துவிட்டபடியால் அணிலையும் சொல்லிவிடவேண்டும். இவ்வூரிலே நந்தவனம் வைத்துத் துளசித் தொண்டு செய்த விப்ரநாராயணர், அடியார்களின் பாதத்தில் ஒட்டிய தூசி என்று பொருள்படும்படித் தம்மைத் தொண்டரடிப்பொடி என்று அழைத்துக்கொண்டார். வெறுங்கால் நடக்கும் தோட்டத்திலே வேலை செய்தவர் வேறு எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்! அவருடைய திருமாலையிலேதான், வானரங்கள் மலைகளைப் புரட்டிக்கொண்டு வர, அணில்கள் நீரில் நனைந்து மணலில் புரண்டு ஓடிக் கடலைத் தூர்க்க முயன்ற காட்சி வருகிறது. அந்த அணிலுக்குள்ள கபடமற்ற நெஞ்சம்கூட எனக்கு வாய்க்கவில்லையே என்று அவர் நைந்து போகிறார். 100 யோசனை நீளமுள்ள சேதுவை 5 நாட்களில் முடித்ததாக வான்மீகி சொல்லும் நளன், அணிலின் மணலைத் தன் எஸ்டிமேட்டில் சேர்த்திருக்க மாட்டான். ஆனாலும் மேஸ்திரிகளைக் கேட்டால், கல்லைக் குவித்தால் அந்தக் குவியலில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சந்துதான், அதைப் பொடியும் மணலுமே அடைக்கவேண்டும் என்பார்கள். இப்படிச் சொல்லி அணிலுக்கு எஞ்சினீயர் உத்தியோகம் வாங்கிக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதன் மணல் இல்லாமலும் சேது நின்றிருக்கும். ஆழ்வார் ஏங்கியது, அளவு போதுமா என்று நின்று யோசிக்காமல் மறுபடியும் புரள ஓடிய அந்த ஓட்டத்துக்காகவே.

அளவு விஷயத்தில் பெரிய கோயிலின் தாராளமும் விசித்திரமானது. ஆயிரங்கால் மண்டபத்துக் கல்தூண்களை எண்ணியவர்கள் 953 என்று சொல்கிறார்கள். ஆனாலும் அதன் பெயர் ஆயிரங்கால் மண்டபந்தான். பெருமாளின் பாதுகையைப் பற்றி ஒரே இரவில் 1,000 சுலோகம் பாடுவதாக ஏற்றுக்கொண்ட தேசிகர், 1,008 பாடி முடித்தார் என்பது ஐதிகம். அதன் பெயரும் பாதுகா சகஸ்ரந்தான். 47 குறைந்தாலும் ஆயிரம், 8 கூடினாலும் ஆயிரம். இதைக் கணக்கில் உண்டான அலட்சியம் என்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் நிச்சயமாகப் பூஜ்யம் போட்டிருப்பேன். இன்றைக்கோ, அங்கே எண் பெறுபவனுடைய மனத்தின் விசாலத்தைக் குறிக்கிறதேயொழிய, கொடுப்பவனுடைய சரக்கின் அளவை அன்று என்று சமாதானம் கொள்கிறேன். அந்தச் சமாதானத்தைச் சாக்காக வைத்து முக்கால் யூனிட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்பவருக்குக் குழாயடியில் இறங்கிய கடப்பாரையைத்தான் காட்டவேண்டும்.

மேஸ்திரி சொன்னபடியே ஒன்றேகால் யூனிட் வந்திறங்கியது. இரண்டு ஆட்கள் இரண்டு நாள் திமிசு போட்டார்கள். பாதை முடிந்தபோது, மதில் மூலையில் ஏழெட்டுக் கூடை கிராவல் மிஞ்சிக் கிடந்தது. பார்த்தீர்களா, நான் சொன்ன கணக்குத்தான் ஏறக்குறைய சரி என்று மேஸ்திரியிடம் சொல்லிக்காட்டிவிட்டேன். அவர் ஒன்றும் பதில் பேசாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். ஐப்பசியிலே முதல் பெருமழை பெய்த மறுநாள் காலையில் போனபோது, தோட்டக்காரர் அந்தக் குவியலிலிருந்து ஒரு கூடை அள்ளிவந்து, குழாயடிக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார். கார்த்திகையில் இன்னொரு கூடை போயிற்று. இப்போது மூன்று கூடைதான் பாக்கி.