எம்மதமும் சம்மதம்தானா?

மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் மலைச்சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அந்த வட்டாரத்துக்குள்ளேயே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் ஆங்கிலிக்கன் தேவாலயமும் அடங்கிவிடுகின்றன. பிரிஞ்சாங்கை அடுத்த குன்றில் சாம் போ பௌத்தக் கோயில் நிற்கிறது. ஜே. ஏ. ரசல் 1929இல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலம் முதல் கொழுந்து பறிக்க மலையேறிய தமிழர்கள், லயங்களுக்குப் பக்கத்திலேயே மாரியம்மனையும் முனீஸ்வரரையும் இருத்தினார்கள். இன்று அதே சரிவுகளில் வங்காளதேசத்து முஸ்லிம்களும் நேப்பாளத்து இந்துக்களும் இந்தோனேசியர்களும் கொழுந்து எடுக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் எந்த மேடை ஏறினாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும்: எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது. கைதட்டலும் தவறாமல் வரும்.

கேட்க இதமான பேச்சுதான். ஆனால் அது உண்மையா?

இயேசு சிலுவையில் இறந்தார் என்பது கிறிஸ்தவத்தின் அச்சாணி. அவர் அப்படிக் கொல்லப்படவில்லை என்பது குர்ஆனின் நிலை. உயிர் என்றும் உள்ளது என்கிறது சைவம். நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை என்பதிலிருந்தே பௌத்தம் தொடங்குகிறது. இறந்தவர் மறுபடி பிறப்பாரா, இறுதித் தீர்ப்பு நாளுக்காகக் காத்திருப்பாரா? இவை விபூதியா குல்லாவா என்பது போன்ற வெளிப்புற வேறுபாடுகள் அல்ல. ஒன்று மெய்யானால் மற்றது மெய்யாக இருக்க முடியாது. இரண்டும் பிழையாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருக்க வழியில்லை. தமிழ்ப் பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் சொல்லும் நாட்டு உறுதிமொழியான 1970ஆம் ஆண்டு ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைநம்பிக்கை. எந்த இறைவன் என்று அது கேட்பதில்லை. கேட்காமல் விட்டது விவேகம். உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்காத பௌத்தத்தில் பிறந்த சீனப் பிள்ளையும் அதையே சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகிறது. அரசுக்கு அது போதும், சிந்திக்கிறவனுக்குப் போதாது.

எல்லாம் ஒன்றே என்பவர் பணிவாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் சொல்வது இதுதான்: புத்தரும் இயேசுவும் நபிகளும் தாங்கள் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார்கள், அதன் உட்பொருள் எனக்குத் தெரியும். இதைவிடப் பெரிய உரிமைகோரல் வேறு உண்டா? இதைச் சோதிக்கவும் சுலபமான வழி இருக்கிறது. அடுத்த வீட்டுப் பையன் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான் என்ற செய்தி வரட்டும். மேடையில் சமரசம் பேசியவரே "மதம் மாத்திட்டாங்க" என்று கொதிப்பார். எல்லாம் ஒன்று என்றால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது?

பழைய தமிழ் மரபு இப்படி மழுப்பவில்லை. மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இளம்பெண்ணுக்கு யாரும் தத்துவம் சொல்லமாட்டார்கள் என்பதால் தவசி வேடத்தில் போக வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. எல்லாரையும் கேட்டுவிட்டு, எல்லாம் ஒன்றுதான் என்று அவள் முடிக்கவில்லை. பௌத்தத்தைத் தேர்ந்தாள். குண்டலகேசியின் பௌத்தத்தை மறுக்கவே சமணத்தில் நீலகேசி எழுந்தது. அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு கொள்கைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் அதன் வாதத்திலேயே எடுத்துச் சொல்லி மறுக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர். அப்படிப் படித்த பைபிளை வைத்தே 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார். எதிராளியின் நூலை அவ்வளவு நெருங்கிப் படித்த ஒருவர் அதை அவமதித்தார் என்று சொல்ல முடியாது. படிக்காமலே பாராட்டுபவரிடம்தான் அலட்சியம் இருக்கிறது.

இந்த மரபுக்கு இருட்டுப் பக்கமும் உண்டு. வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் மதுரையில் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் பாடுகிறது. அதில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பது ஆய்வாளர்களின் வழக்கு. அதைப் பெருமையோடு பாடிவந்திருக்கிறோம் என்பதில் வழக்கில்லை. சைவ சித்தாந்தம் இன்னொரு வழியும் வைத்திருந்தது: புறப்புறச் சமயம், புறச்சமயம், அகப்புறச் சமயம், அகச்சமயம் என்று படிக்கட்டு கட்டி எல்லாருக்கும் ஒரு படி கொடுத்தது. கழுமரத்தைவிடப் படிக்கட்டு எவ்வளவோ மேல். ஆனாலும் உச்சிப்படியில் யார் நிற்கிறார் என்பதைக் கட்டியவரே முடிவு செய்துவிட்டார். 1965இல் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள மெய்யானதையும் புனிதமானதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தபோதும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தது. வாசல் திறந்தது, ஆனால் வீடு யாருடையது என்பதில் மாற்றமில்லை.

சாம் போ கோயில் நினைவுகூரும் மிங் காலத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இந்த இடத்தில் வந்து சேர்கிறார். பிறப்பால் முஸ்லிம், பௌத்தக் கோயிலில் போற்றப்படுகிறவர். அவர் இலங்கைக்குக் கொண்டுபோன கல்வெட்டு ஒன்று 1911இல் காலி நகரில், மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டு நாளிடப்பட்ட அந்த ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீன வரிகள் புத்தரைப் போற்றி அவருக்குக் காணிக்கை அறிவிக்கின்றன. தமிழ் வரிகள் தேவுந்துறையில் குடிகொண்ட திருமாலான தென்னாவரை நாயனாரைப் போற்றுகின்றன. பாரசீக வரிகள் இஸ்லாத்தின் பக்கம். பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் பெரும்பாலும் ஒன்றே. யாருக்கும் குறை வைக்கவில்லை.

இந்தக் கல்லை மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். கொஞ்சம் நின்று பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். மூவரும் ஒருவரே என்று கல்லில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு மொழியும் தன் தெய்வத்தையே முழுமனதாகப் புகழ்கிறது. பக்கத்து வரி பக்கத்தவருக்கு. இது மேடைச் சமரசத்தைவிட நேர்மையானது. இரண்டாவது செய்தி கசப்பானது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதே செங் ஹோவின் படை இலங்கையில் போரிட்டு, அழகக்கோனார் குடும்பத்து ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. மூன்று தெய்வத்துக்கும் சம காணிக்கை வைத்த கைதான் அது. எல்லா மதத்தையும் சமமாக நடத்துவது பேரரசுகளுக்கு எப்போதும் வசதியான கொள்கை. எது மெய் என்ற கேள்வியில் அக்கறை இல்லாதவருக்கு அது சிரமமே இல்லாமல் வரும்.

அந்தக் கேள்வியே எல்லாச் சமயத்துக்கும் உரியதுதானா என்றும் பார்க்க வேண்டும். மலேசியச் சாலையோரங்களில் சிறிய சிவப்பு மாடங்களில் டத்தோ கோங் அமர்ந்திருப்பார். சீனர்கள் வணங்கும் மலாய் மண்ணின் ஆவி. பல மாடங்களில் சிலைக்குச் சொங்கோக் தொப்பியும் சாரோங்கும் இருக்கும், முன்னால் வெற்றிலை இருக்கும். அவர் முஸ்லிம் என்பதால் படையலில் பன்றி இறைச்சி வைப்பதில்லை. வேறு நாட்களில் அதை விரும்பிச் சாப்பிடுகிற குடும்பம்தான் அங்கே வந்ததும் நிறுத்திக்கொள்கிறது. தோட்டத்து முனீஸ்வரரும் இந்த வகை. அவர் உலகம் முழுவதையும் அழைக்கவில்லை. தன் எல்லையைக் காக்கிறார். குலதெய்வத்தைப் பார்த்து நீ மெய்யா பொய்யா என்று யாரும் கேட்பதில்லை. "அது அவங்க சாமி, இது நம்ம சாமி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எது ஒரே மெய்ச் சமயம் என்று கேட்பவை பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் போகும் சமயங்கள்தான்.

கேமரன் மலையில் எல்லாருக்கும் முந்தியவர்களான செமாய் பூர்வகுடியினரின் சமயமும் அப்படி ஊர்விட்டுப் போகாதது. அவர்களுக்கு மதமே இல்லை என்று வெளியிலிருந்து வந்தவர்கள் நெடுங்காலம் பேசினார்கள். அவர்களோடு தங்கி ஆய்ந்த ராபர்ட் டென்டன் 1968இல் வெளியிட்ட நூல் அவர்களை வன்முறை அறியாத மக்களாகக் காட்டியது. செமாய் வழக்கில் பூனான் என்றொரு கருத்து உண்டு: ஒருவர் ஆசைப்பட்டது மறுக்கப்பட்டால் அவருக்கு ஆபத்து நேரும், பழி மறுத்தவரைச் சேரும். ஆகவே உணவு இருக்கும் இடத்தில் அதைப் பகிர்ந்தாக வேண்டும். விலங்கைக் கேலி செய்தால் இடியும் புயலும் வரும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. இடி அதனால் வருவதில்லை என்று எந்த அறிவியல் ஆசிரியரும் சொல்லிவிடுவார். ஆனால் பசித்தவர் முன்னால் மறைத்துத் தின்னக்கூடாது என்பதில் பிழை கண்டுபிடிப்பது கடினம். ஒரு சமயத்தில் உலகம் இப்படி அமைந்தது என்ற கூற்றும் இருக்கிறது, இப்படி வாழ் என்ற கட்டளையும் இருக்கிறது. முன்னது தவறினாலும் பின்னது நிற்கலாம். மெய்ச் சமயம் எது என்று கேட்கும்போது இந்த இரண்டில் எதைக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது.

ஆக, முதல் கேள்விக்கு நேர்மையான பதில் இவ்வளவுதான்: முரண்படும் கூற்றுகளில் ஒன்று மெய்யாக இருக்கலாம், தன்னுடையது மெய் என்று ஒருவர் நம்புவதில் அறக்கேடு எதுவும் இல்லை. அறக்கேடு வேறிடத்தில் நுழைகிறது. எந்த இடம் என்பதை மலையடிவாரத்து ஈப்போவிலேயே பார்க்கலாம்.

இந்திரா காந்தி என்ற பாலர்பள்ளி ஆசிரியையின் கணவர் 2009இல் இஸ்லாத்தைத் தழுவினார். அது அவருடைய உரிமை. தொடர்ந்து, தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் முஸ்லிம்களாகப் பதிந்து சான்றிதழ் பெற்றார். கடைக்குட்டிக்கு அப்போது பதினொரு மாதம். அந்த மதமாற்றம் செல்லாது என்றது 2013இல் ஈப்போ உயர் நீதிமன்றம். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது 2018 ஜனவரி 29இல். தகப்பன் கொண்டுபோன கடைசிக் குழந்தை, தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தாயிடம் வந்து சேரவில்லை.

இங்கே இஸ்லாம் மெய்யா என்பது பிரச்சினையே இல்லை. அது முழுக்க மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், பேச்சே வராத குழந்தை விசுவாச வாக்கைச் சொல்லவில்லை. சமயத்தில் வற்புறுத்தல் கூடாது என்பது அந்தச் சமயத்தின் மறையிலேயே உள்ள நெறி. அதைக் கடந்தது ஒரு தகப்பனும் ஓர் அலுவலகமும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசில் தள்ளக்கூடியதல்ல. இந்துப் பெற்றோரும் குழந்தையைக் கேட்டா மொட்டையடிக்கிறார்கள்? காது குத்துகிறார்கள்? கத்தோலிக்கர் கைக்குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும்போது யாரிடம் சம்மதம் வாங்கினார்கள்? உண்மைதான். எந்தக் குழந்தையும் சமயமில்லாத வெற்றிடத்தில் வளர்வதில்லை. தாய்மொழியைப் போலவே வீட்டின் வழிபாடும் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்கிறது. வேறுபாடு பிறகு தெரிகிறது. வளர்ந்த பிள்ளை கோயிலுக்குப் போக மறுத்தால் அப்பா திட்டுவார், பாட்டி அழுவாள், அதோடு சரி. மலேசியாவில் அடையாள அட்டையில் இஸ்லாம் என்று அச்சாகிவிட்டால் திருமணம், வாரிசுரிமை, அடக்கம் வரைக்கும் சட்டம் மாறிவிடும். வெளியே வர விரும்பிய லினா ஜோயின் முறையீட்டை 2007இல் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் தள்ளியது. நுழையும்போது எளிதாகவும் வெளியேறும்போது பூட்டியும் இருக்கும் கதவு, உள்ளே இருப்பது மெய் என்பதற்குச் சாட்சியாகாது. அங்கே இருப்பவர் விரும்பித்தான் இருக்கிறாரா என்று கேட்டறியும் வழியையே அது அடைத்துவிடுகிறது.

பிறர் நரகத்துக்குப் போகிறார் என்று மனதார நம்புகிறவரை வாயை மூடு என்று சொல்லலாமா? முடியாது. அவர் நம்பிக்கைப்படி, பேசாமல் இருப்பதுதான் கொடுமை. அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது; முஸ்லிம்களிடையே எந்தச் சமயக் கொள்கையைப் பரப்புவதையும் சட்டம் கட்டுப்படுத்த அனுமதிக்கிறது. பேச்சு ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது என்று தமிழர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. அதே வாயால் தோட்டத்துக்கு வரும் பாஸ்டரை உள்ளே விடாதே என்று கேட்பதில் அந்த நியாயம் இல்லை. அவர் வரட்டும், பேசட்டும். கேட்கிறவர் வயது வந்தவராக இருந்தால் போதும். தோட்டத்து வீடுகள் திருச்சபைப் பக்கம் சாய்ந்த கதைகளைக் கேட்டால் திரித்துவக் கோட்பாடு அதில் அபூர்வமாகத்தான் வரும். வீட்டுக்காரர் குடித்து விழுந்த காலமோ, ஆஸ்பத்திரியில் கிடந்த வாரமோ வரும். அப்போது யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது வரும். கும்பாபிஷேக வசூலுக்குத் தவறாமல் படியேறும் ஆலய நிர்வாகம், அந்த வாரத்தில் அந்த வீட்டுப் படி ஏறியதா என்று முதலில் தன் ஆட்களிடம் விசாரிக்கட்டும். திரித்துவத்தை அப்புறம் மறுத்துக்கொள்ளலாம்.