திருத்துமுன் தொடங்கும் நீதி

விடைத்தாளைத் திருத்துகையில்தான் நீதி தேவை என்று நாம் எண்ணுகிறோம். வினாவை எழுதும்போதே அது தேவைப்படுகிறது.

தியாகதுருகத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அடுக்குக்குறிச் சார்பு பற்றிச் சிறுதேர்வு வைப்பதாகக் கொள்வோம். 2-இன் இரண்டாம் அடுக்கு யாது என்று கேட்டால், அடுக்கை அறிந்தவன் 4 என்பான். அதை மடங்கு என மயங்கியவனும் 4 என்பான். மூன்றாம் அடுக்கைக் கேட்டால் முன்னவன் 8 என்பான். பின்னவன் 6 என்பான். முதல் வினா அறியாமைக்கும் முழு மதிப்பெண் தந்து அனுப்பிவிடுகிறது. இரக்கம் போலத் தோன்றினும் அது கைவிடுதலே.

ஏனெனில் இக்கணக்கு தாளோடு முடிவதில்லை. ஆயிரம் ரூபாய்க்கு மாதம் 10 விழுக்காடு கூட்டு வட்டி எனில், ஓராண்டில் கடன் 2,200 ரூபாய் அன்று. ஏறத்தாழ 3,138 ரூபாய். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகம் 2003-இல் சட்டம் இயற்றியது. சட்டம் கடன்பட்டபின் வரும் துணை. கணக்கறிவோ கையொப்பமிடுமுன் வரும் துணை.

அங்ஙனமாயின் திருத்துவோர் கடுமையே காட்ட வேண்டுமா? 1.1-ஐப் பன்னிரண்டாம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்று சரியாக எழுதிப் பெருக்கலில் தவறியவளுக்கும், மாதந்தோறும் நூறு நூறாகக் கூட்டியவனுக்கும் ஒரே சுழியம் இடுவது சமத்துவமாகலாம், நீதியாகாது. வழியறிந்த அவளுக்கு அப்படிக்குரிய மதிப்பெண்ணை நாம் கொடுத்தே ஆகவேண்டும். அவனுக்கோ, எங்கே பிழைத்தான் என்று தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

உண்மையை மறைக்கும் இரக்கமும், வழியை நோக்காத கண்டிப்பும் ஒருவகைச் சோம்பலே. சிவப்பு மை ஏந்தும் கை இரண்டையும் விலக்குவதாக.