பைபாஸ் சாவி

பாயான் லெப்பாஸில் நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில், ரோபோ கை சுழலும் கூண்டுக்கு ஒரு கதவு உண்டு. கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். அதற்குப் பெயர் இண்டர்லாக். பழுது பார்க்கும் நேரத்தில் மட்டும் அதைச் செயலிழக்க வைக்க ஒரு பைபாஸ் சாவி இருக்கும். சாவியை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும்: உற்பத்திப் பிரிவில் ஒன்று, பாதுகாப்புப் பிரிவில் ஒன்று.

ஒரு நைட் ஷிஃப்டில் சென்சார் கெட்டுப்போய், மூடிய கதவைத் திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே இருந்தது. காலையில் ஷிப்மெண்ட். நான்தான் சாவியைக் கேட்டேன். பாதுகாப்பு அதிகாரி பதவி அப்போது காலி; உற்பத்தி மேலாளரே அதையும் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கட்டத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். நாற்பது நிமிடம் ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் தே தாரேக் குடிக்கும்போது மூத்த டெக்னீஷியன் அண்ணன் சொன்னார்: "தம்பி, சாவி யாருகிட்ட இருக்குன்னு பாக்காதீங்க. ரெண்டு கையெழுத்தும் ஒரே கையா இருக்கான்னு பாருங்க."

எஸ்.பி.எம் வரலாற்றுத் தேர்வுக்காக மூன்று பெட்டி வரைந்து நாடாளுமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று எழுதியதோடு அதிகாரப் பிரிவினையை மறந்துபோயிருந்தேன். அண்ணனின் பேச்சுக்குப் பிறகுதான் திரும்பவும் தேடிப் படித்தேன். படித்த இடத்திலெல்லாம் அதே இரட்டைக் கையெழுத்து.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1807இல் பினாங்குக்கு அரச சாசனம் வழியாக ஒரு நீதிமன்றம் கிடைத்தது. ரெக்கார்டர் என்ற நீதிபதியை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். ஆனால் அந்த மன்றத்தில் அவரோடு கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். தீவை ஆள்பவரே தீவின் வழக்கையும் கேட்பார். 1820களின் கடைசியில் ரெக்கார்டர் கிளாரிட்ஜுக்கும் கவர்னர் ஃபுல்லர்டனுக்கும் சண்டை வந்தது. எதற்கு? சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் போய் வழக்கு விசாரிக்கும் பயணச் செலவுக்கு! கிளாரிட்ஜ் போக மறுத்தார். 1828இல் சிங்கப்பூரில் கவர்னரே உட்கார்ந்து விசாரித்தார். கிளாரிட்ஜை லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. நீதிபதியின் கப்பல் செலவு யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை என்று பிறகுதான் உறைத்தது.

1988க்கு வருவோம். நான் அப்போது பிறக்கவில்லை. அதுவரை அரசியலமைப்பின் 121(1)ஆவது பிரிவு, கூட்டரசின் நீதி அதிகாரம் உயர் நீதிமன்றங்களிடம் இருக்கும் என்று சொன்னது. அந்த ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, கூட்டரசுச் சட்டம் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் நீதிமன்றங்களுக்கு. அதே ஆண்டில் நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸ் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரித்த தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகித்தவர், அவருடைய இடத்தில் தற்காலிகமாக அமர்ந்திருந்தவர். பிறகு அந்தப் பதவிக்கே வந்தவர். அண்ணன் பார்த்திருந்தால் லாக் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார். தீர்ப்பாயத்துக்குத் தடை விதித்த ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் இடைநீக்கம் செய்தார்கள். இருவர் பதவி இழந்தார்கள். திரும்ப வந்த மூவரில் ஒருவர் பினாங்குக்காரர், யூசோஃப் அப்துல்காதர்.

நண்பன் ஒருவன் கேட்பான்: "அந்த நீதிபதிகளுக்கு யாருடா ஓட்டுப் போட்டா? மக்கள் ஓட்டுப் போட்டவங்கள இவங்க ஏன் தடுக்கணும்?" நியாயமான கேள்விதான். என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் ஓட்டு வாங்கியவர்களின் கை எங்கெல்லாம் நீள்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீதிபதி நியமன ஆணையத்தின் ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேரைப் பிரதமர் நியமிக்கிறார். அந்த ஆணையம் பெயர்களைப் பரிந்துரைப்பதும் அதே பிரதமரிடம்தான்.

இதெல்லாம் வக்கீல்கள் பேசுகிற விஷயம் என்று நானும் நினைத்தவன்தான், இந்திரா காந்தி வழக்கு வரும்வரை. ஈப்போவில் ஒரு பாலர்பள்ளி ஆசிரியை. 2009இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றி, பதினொரு மாதக் கடைக்குட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மதமாற்றம் செல்லாது என்றார்கள். அதற்குப் போகும் வழியில் இன்னொன்றும் சொன்னார்கள்: நீதி அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படை, நாடாளுமன்றம் திருத்தினாலும் அதை எடுத்துவிட முடியாது. 1988இன் வரி புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதன் பல்லைத்தான் பிடுங்கிவிட்டார்கள்.

அன்று இரவு நான் உற்சாகமாக வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா டிவியைப் பார்த்தபடியே கேட்டார்: "சரிடா, தீர்ப்பு வந்துருச்சு. புள்ள எங்க?"

பிள்ளை வரவில்லை. கணவரைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி தேசிய போலீஸ் படைத் தலைவருக்கு அதே நீதிமன்றம் 2016லேயே சொல்லியிருந்தது. 2018 தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுக்கணக்காக அந்தத் தாய் தெருவிலும் கோர்ட்டிலும் அலைந்தார்.

நிறுத்தச் சொல்லும் சிக்னல், நிற்க வேண்டிய மெஷினின் கண்ட்ரோலர் வழியாகவே போகிறது. இப்படி ஒரு டிசைனை நான் வரைந்து கொடுத்தால் ரிவியூவில் கிழித்துவிடுவார்கள். பாதுகாப்புக்குத் தனி வயர் போடு என்பார்கள். நீதிமன்றத்துக்குத் தனி வயர் என்றால் என்ன? அதற்கென்று ஒரு போலீஸா? யோசித்தாலே பயமாக இருக்கிறது. அப்புறம் அந்தப் போலீஸைத் தடுப்பது யார்? கை இல்லாமல் இருப்பதால்தான் அதைக் கடைசிச் சொல் சொல்ல விடுகிறோம். ஆனால் கை இல்லாதவர் சொல்வதைச் செய்து முடிப்பது, கை உள்ளவரின் நேர்மையை நம்பித்தான் இருக்கிறது. தீர்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஃபைல் மேசை மாறுகிறது, தேடுதல் 'தொடர்கிறது', அவ்வளவுதான். யார் தடுத்தார் என்று எழுத எந்தக் கட்டமும் இல்லை.

வேலையை விட்டு வருவதற்கு முன் ஒருநாள் அந்த லாக் புத்தகத்தைப் புரட்டினேன். நாற்பது நிமிடம் ஓட்டிய அந்த இரவின் பக்கம். ஒரே கையெழுத்து இரண்டு கட்டத்தில். அவற்றுக்கு மேலே, 'கோரியவர்' என்ற மூன்றாவது கட்டத்தில், என்னுடையது.